சந்திரனுக்கு இரண்டு மார்க்

பத்தொன்பது வருடம் ஒரே பாடத்தை நடத்தினால் வாய் தனியாகவும் மனசு தனியாகவும் வேலை செய்யப் பழகிவிடும். வாய் ஒன்பது கோள்களின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கும். மனசோ, ராத்திரிக்குக் களி கிண்ட மாவு இருக்கிறதா, கால் நரம்பு சுருண்டு வலிக்கிறதே அதற்கு எண்ணெய் போட்டுப் பார்க்கலாமா என்று போய்க்கொண்டிருக்கும். நான் அப்படித்தான் வானவியல் நடத்தினேன். பெருமையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

என் பெயர் ராஜாமணி. பென்னாகரத்திலிருந்து பாப்பாரப்பட்டி போகிற வழியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. அறுபத்தொன்பதாம் வருடம் எனக்கு நாற்பத்து நான்கு வயது. பதினோராம் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள், அதில் பெண்கள் ஏழு பேர். ஆய்வுக்கூடம் என்று பலகை மாட்டிய அறை ஒன்று உண்டு. அதற்குள் மூலை உடைந்த முப்பட்டகம் ஒன்றும் தலைமையாசிரியரின் சைக்கிளும் இருந்தன.

அந்த ஏழு பெண்களில் ஒருத்தி புஷ்பமேரி. அவள் அப்பா யாகப்பன் மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டில் கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிறவர். நாலு மைல் நடந்து வருவாள், நாலு மைல் நடந்து போவாள். படிப்பில் கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொன்னால் புரியாது, மூன்றாவது தடவை புரிந்துவிட்டால் பிறகு மறக்காது. கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு, இவள் ஊர் மாதா கோயிலைச் சேர்ந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த ஜூன் பத்தாம் தேதிக்குள் எல்லாப் பாடத்திலும் பாஸான எஸ்.எஸ்.எல்.சி. மார்க் புத்தகத்தோடு போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறு ஊருக்குப் போய்விடும்.

யாகப்பன் என்னிடமே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஒரு தடவ பாக்கறனுங்க டீச்சர். பாஸாச்சுன்னா போவட்டும். இல்லாட்டி வூட்டோட இருந்து காட்டு வேலயப் பாக்கட்டும். இதுக்குக் கீழ இன்னும் நாலு இருக்குதுங்க."

மற்ற பாடங்களில் அவள் எப்படியோ தப்பித்துவிடுவாள். விஞ்ஞானம்தான் முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் நின்று இழுத்துக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து எடுத்தால் நர்ஸ், முப்பத்து நான்கு எடுத்தால் களைக்கொத்து.

ஜூலை இருபத்தொன்று, திங்கட்கிழமை. காலையில் பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி சொல்லிவிட்டார்கள், அமெரிக்காக்காரர் இரண்டு பேர் சந்திரனில் இறங்கி நடந்தார்கள் என்று. பள்ளிக்கூடம் பூராவும் அதே பேச்சு. தலைமையாசிரியர் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசினார். அதில் நான்கு நிமிடம் தலைமுடியை எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வருவதைப் பற்றியது.

அன்றைக்குக் கடைசி பீரியட் எனக்கு. புத்தகத்தைத் திறந்தால் நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் அந்த வாக்கியம்: 'பூமியைத் தவிர வேறு எங்கும் மனிதன் இதுவரை காலடி வைத்ததில்லை.' எனக்கு என்னவோ அன்றைக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகப் புத்தகத்தில் இருந்த ஒன்று என் கண்ணெதிரே பொய்யாகியிருந்தது. தூக்கம் கலைந்த மாதிரி இருந்தது.

பிள்ளைகளை வெளியே கூட்டிப் போனேன். ஆடிக்காற்று மேகத்தையெல்லாம் கிழக்கே தள்ளிவிட்டிருந்தது. மணி நாலு. தலைக்கு மேலே சற்றுச் சாய்வாக, பாதி கூட நிரம்பாத நிலா வெளுத்துப்போய்த் தெரிந்தது. பகலில் நிலா தெரியும் என்பதே பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரிந்தது.

தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருந்த ஈர மண்ணை எடுத்து உருட்டச் சொன்னேன். புஷ்பமேரிதான் உருட்டினாள். அந்த உருண்டையை நிலா இருக்கிற திசையில் கை நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். வெயில் மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. உருண்டையின் மேற்குப் பக்கம் வெளிச்சம், மீதி நிழல். நிலாவிலும் அதே அளவு வெளிச்சம், அதே பக்கம். வளர்பிறை, தேய்பிறை என்று பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் வட்டம் வட்டமாக வரைந்துகொண்டிருந்தேன். இதைச் செய்து காட்ட வேண்டுமென்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

"ஏனுங்க டீச்சர், அவங்க திரும்பி வந்துட்டாங்களா?" என்று புஷ்பமேரி கேட்டாள்.

"இல்ல. இன்னும் அங்கதான் இருக்காங்க. ரெண்டு பேரு கீழ. இன்னொருத்தரு மேல சுத்திக்கிட்டு இருக்காரு. நீ பாக்கற நெலாவுல இந்த நிமிசம் ஆளுங்க இருக்காங்க."

கை நீட்டியபடியே அவள் நின்றுகொண்டிருந்தாள். கடைசி மணி அடித்தும் ஒருவரும் ஓடவில்லை. வாத்தியார் வேலைக்கு வந்ததற்காக நான் சந்தோஷப்பட்ட நாட்கள் ரொம்பக் கொஞ்சம், அதில் அது ஒன்று.

அந்த வேகத்தில் வகுப்புக்குள் கூட்டிப் போய், "எல்லாரும் பேனாவ எடுங்க. நூத்திப் பதினாலாம் பக்கம். அந்த வரிய அடிங்க" என்றேன். நாற்பத்திரண்டில் பாதிப் புத்தகம் அண்ணன் படித்தது, அக்கா படித்தது, அடுத்த வருடம் அரை விலைக்கு விற்க வேண்டியது. மையால் அடிக்கச் சொன்னதும் முழித்தார்கள். நான் விடவில்லை. பெஞ்சு பெஞ்சாகப் போய் நின்று அடிக்க வைத்தேன். ஓரத்தில் தேதி போட்டு, 'இருவர் இறங்கினர்' என்று எழுத வைத்தேன்.

புஷ்பமேரி அடித்துவிட்டு எழுந்து நின்றாள்.

"டீச்சர், பரீச்சையில இது வந்துச்சுன்னா எத எழுதறதுங்க?"

"நெசத்த எழுது" என்றேன்.

யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "புத்தகத்துல கோடு போடச் சொன்னீங்களாமே" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் பெருமூச்சு விட்டு வேறு கோப்பைத் திறந்தார். அவர் பெருமூச்சுக்கு நான் பயந்தவளில்லை.

எழுபதாம் வருடம் மார்ச்சில் பரீட்சை. விஞ்ஞானத் தாளில் அந்தக் கேள்வி வந்தே விட்டது. 'பூமியைத் தவிர வேறு எங்கும் மனிதன் இதுவரை காலடி வைத்ததில்லை. சரியா, தவறா? காரணம் கூறுக.' இரண்டு மார்க். பிள்ளைகள் வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "டீச்சர் சொன்னது வந்துருச்சு, டீச்சர் சொன்னது வந்துருச்சு" என்று ஒரே கூத்து. நானும் சிரித்தேன்.

செல்லன் என்ற பையன் மட்டும் தலையைச் சொறிந்தான். அவன் வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கிறவன். ஜூலையில் ஊரில் விதைப்பு என்று ஒரு வாரம் மட்டம் போட்டிருந்தான். புத்தகத்தில் உள்ளபடியே, சரி என்று எழுதிவிட்டானாம். "ரெண்டு மார்க்குப் போச்சுடா உனக்கு" என்று எல்லாரும் அவனைக் கேலி செய்தார்கள். நானும்தான்.

புஷ்பமேரியை மரத்தடியில் உட்கார வைத்து, எந்தக் கேள்விக்கு என்ன எழுதினாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எழுதியதை எழுதியபடியே சொல்லுவாள், கூட்டிச் சொல்லத் தெரியாது அவளுக்கு. கறாராகப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தாறு வந்தது. மறுபடி போட்டேன். அப்போதும் முப்பத்தாறு.

"பாஸுங்களா டீச்சர்?"

"பாஸுதான். முப்பத்தாறு வருது. போய் நர்ஸம்மாவா இரு. எங்காலுக்கு நீதான் மருந்து போடணும்."

அவள் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் சேலத்தில் விடைத்தாள் திருத்தும் முகாம். எனக்கும் ஆர்டர் வந்தது. தங்கை வீட்டில் தங்கிக்கொண்டு போய் வந்தேன். எங்கள் ஜில்லாத் தாள்கள் எங்களிடம் வராது. அவை வேறெங்கோ போய்விடும், எங்களுக்கு வேறு ஜில்லாத் தாள்கள் வரும். பேர் இருக்காது, எண் மட்டும்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாற்பது தாள். சாயங்காலம் முகாம் தலைவர் ஒவ்வொருவர் தாள்கட்டிலிருந்தும் நாலைந்தை உருவிச் சரிபார்ப்பார். தலைவராக வந்திருந்தவர் ஸ்தனிஸ்லாஸ் என்று ஒரு தலைமையாசிரியர். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிறவர், பொறுமைசாலி.

முதல் நாள் விடைக்குறிப்பைக் கையில் கொடுத்தார்கள். அந்தக் கேள்விக்கு நேராக அச்சடித்திருந்தது: 'சரி. ஆளில்லாக் கலங்களே சந்திரனில் இறங்கியுள்ளன.'

நான் மூன்று தடவை படித்தேன். முதலில் கோபம்தான் வந்தது. அதன் பிறகுதான் கணக்கு உறைத்தது. முப்பத்தாறில் இரண்டு போனால் முப்பத்து நான்கு.

எழுந்து நேரே ஸ்தனிஸ்லாஸிடம் போனேன்.

"சார், இது தப்புங்க."

"தெரியுமுங்க டீச்சர். நானும் பேப்பர் படிக்கிறவன்தான்" என்றார். "கேள்வித்தாளையும் இதையும் போன ஜூன்லயே எடுத்து சீல் வெச்சுட்டாங்க. மனுசன் போனது ஜூலையில. அதுக்கப்பறம் யாரும் பிரிச்சுப் பாக்கல."

"அப்ப இப்பப் பிரிச்சாச்சுங்களே. மாத்துங்க."

"நான் மாத்த முடியாதுங்க. மேல எழுதறேன். பதில் வர்ற வரைக்கும் இதுல உள்ளபடி போடுங்க. இங்க மட்டும் மாத்துனா மத்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஒரு நாயம், இந்தக் கட்டுக்கு ஒரு நாயமாப் போயிரும்."

"தெரிஞ்சே தப்புப் போடறதுங்களா?"

"அந்த மனுசங்க போயிட்டுத் திரும்பி வந்துட்டாங்க, நீங்க இன்னும் இறங்க மாட்டேங்கறீங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். அறை சிரித்தது. ஸ்தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை.

நான் கேட்கவில்லை. அன்றைக்கு நாற்பது தாளிலும் 'தவறு' என்று காரணத்தோடு எழுதியவர்களுக்கு இரண்டு போட்டேன். சாயங்காலம் உருவிப் பார்த்துவிட்டு, கட்டு முழுவதையும் என் மேஜைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அந்த நாற்பதையும் அடித்துத் திருத்தி, மறுபடி கூட்டி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் கையெழுத்துப் போட்டு, அதற்குமேல் அன்றைய நாற்பதையும் முடிக்க வேண்டும். சேலத்து வெயில். மின்விசிறி ஒன்று, அதுவும் அடுத்த வரிசைக்குமேல். கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. இரண்டாம் நாள் இரவு தங்கை வீட்டில் சாப்பிடாமல் படுத்தேன்.

மூன்றாம் நாள் நான் சண்டை போடவில்லை. பதில் வந்துவிட்டதா என்று ஒரு தடவை கேட்டேன். வரவில்லை என்றார். உட்கார்ந்தேன். 'தவறு' என்று எழுதியிருந்த இடத்தில் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டேன். முதல் பத்துத் தாளுக்குக் கை கூசியது. பிறகு கூசவில்லை. பிறகு அந்தப் பதிலைப் படிப்பதையே விட்டுவிட்டேன். முதல் வார்த்தையைப் பார்த்தால் போதும்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஒரு தாள் வந்தது. சாய்வான கையெழுத்து. ஏனோ அதை மட்டும் முழுக்கப் படித்தேன். 'தவறு. 21-7-1969 அன்று இருவர் சந்திரனில் இறங்கி நடந்தனர். மூன்றாமவர் மேலே சுற்றிக்கொண்டிருந்தார். அன்று மாலை நாங்கள் வெளியே நின்று சந்திரனைப் பார்த்தோம்.' கூட்டிப் பார்த்தேன். முப்பத்து மூன்று. வேறெங்காவது போட முடியுமா என்று முதல் பக்கத்திலிருந்து தேடினேன். படம் வரைந்த இடத்தில், சமன்பாட்டில், எங்கும் கிடைக்கவில்லை. கடைநிலை ஊழியர் கட்டு வாங்க வந்து மேஜையருகே நின்றார். "சீக்கிரமுங்க டீச்சர், ரூமைப் பூட்டணும்" என்றார். முப்பத்து மூன்று என்று எழுதி வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டேன். புஷ்பமேரியின் தாள் எங்கோ ஓர் ஊரில், யாரோ ஒருவர் மேஜையில் இருக்கும். அவர் என்னைப் போல இருக்கக் கூடாது. கட்டு திரும்பி வந்தாலும் அசராதவராக இருக்க வேண்டும். இதை வேண்ட எனக்கு வெட்கமாக இருந்தது. வேண்டிக்கொண்டுதான் இருந்தேன்.

மேலிடத்துப் பதில் முகாம் முடியும்வரை வரவில்லை.

மே கடைசியில் தினசரியில் பாஸான எண்கள் வந்தன. எங்கள் பள்ளிக்கூடத்து எண்களை விரலால் தடவிக்கொண்டே போனேன். செல்லன் எண் இருந்தது. புஷ்பமேரி எண் இல்லை. அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜூன் நாலாம் தேதி எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்கள் வந்தன. அவளுடையதைப் பிரித்தேன். தமிழ் நாற்பத்தெட்டு, கணக்கு முப்பத்தெட்டு. விஞ்ஞானம் முப்பத்து நான்கு.

செல்லனுக்கு விஞ்ஞானம் முப்பத்தாறு. அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அன்று மத்தியானமே யாகப்பனும் புஷ்பமேரியும் வந்தார்கள். ஆய்வுக்கூட அறையில் உட்காரச் சொன்னேன். யாகப்பன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் புத்தகத்தை அவரிடம் கொடுக்காமல் அவளிடம் கொடுத்தேன். அவள் பார்த்தாள். அழவில்லை. முகம் மட்டும் இறுகிப்போனது.

"செப்டம்பர்ல இந்த ஒண்ண மட்டும் எழுதலாமுங்க" என்றேன் யாகப்பனிடம். "நான் வூட்டுக்கே வந்து சொல்லிக் குடுக்கறேன்."

"பத்தாந்தேதிக்குள்ளன்னு சொல்லிட்டாங்களேங்க டீச்சர். அந்த எடத்துக்கு இண்டூர்ப் பக்கம் ஒரு புள்ளய ரெடி பண்ணி வெச்சிருக்காங்களாம்." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க முப்பத்தாறுன்னு சொன்னீங்கன்னு இது ஊரெல்லாம் சொல்லிருச்சுங்க."

புஷ்பமேரி தலை நிமிர்ந்தாள்.

"எது போச்சுங்க டீச்சர்? நான் எல்லாத்தையும் உங்ககிட்டச் சொன்னேனுங்களே."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கூட்டல் பிழையாக இருக்கும், கையெழுத்து புரிந்திருக்காது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"நெலாக் கேள்வி" என்றேன். "புஸ்தகத்துல இருக்கறதுதான் சரின்னு திருத்தறவங்களுக்கு எழுதிக் குடுத்திருந்தாங்க."

"திருத்துனவங்களுக்குத் தெரியாதுங்களா, மனுசன் போயிட்டு வந்தது?"

"தெரியும்."

"தெரிஞ்சுமுங்களா?"

"தெரிஞ்சும்தான். ஒரு வேள சண்ட போட்டிருப்பாங்க. ரெண்டு நாள் போட்டிருப்பாங்க. அப்பறம் அசந்து போயி, கோடு போட்டுட்டு வூட்டுக்குப் போயிருப்பாங்க."

"உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

யாகப்பனும் என்னைப் பார்த்தார். இந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல முடியாது என்றில்லை. முடியும். அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

"சேலத்துல நானும் அப்படித்தான் போட்டேன். முந்நூறு நானூறு தாளுக்கு."

யாகப்பன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றார். புஷ்பமேரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுகூட நினைத்தேன்.

"அதுல எங்க தாளு இருந்துச்சுங்களா?"

"இல்ல. வேற ஜில்லா. யாரு எவருன்னு தெரியாது."

அவள் எப்போதும்போல மெதுவாக யோசித்தாள். ஒரு தடவையில் புரியாதவள். முழுசாகப் புரிந்த பிறகுதான் பேசினாள்.

"அப்ப அந்தப் புள்ளைங்களுக்கும் ஒரு டீச்சர் சொல்லியிருப்பாங்க இல்லீங்களா, நெசத்த எழுதுன்னு?"

ஆமென்று தலையை ஆட்டினேன். அவள் புத்தகத்தை மூடி அப்பாவிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனார்கள்.